குலுக்குச் சீட்டும் அறக்கொடையும்: மலாக்காத் தமிழர் சிற்றமைப்புகளின் நிதி திரட்டல் குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா முதலிய வட்டாரங்களில் தோட்டங்களைச் சார்ந்து எழுந்த தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் சிறு அமைப்புகளின் உழைப்பால் தாங்கப்பெற்று வருகின்றன. தோட்டத் துண்டாடலாலும் நகரக் குடிபெயர்வாலும் சந்தா செலுத்துவோர் சிதறினர். இந்நிலையில், நண்பர்கள் பணம் சேர்த்து 'நம்பர்' எடுத்து, பரிசு விழுந்தால் ஒரு பகுதியைப் பள்ளிக்கோ கோயிலுக்கோ அளிக்கலாம் எனும் யோசனை எழுவதுண்டு. அது நிதி திரட்டும் வழியாகுமா என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

'சீட்டு' எனும் சொல்

தமிழில் 'சீட்டு' என்பது இரு வேறு செயல்களைக் குறிக்கின்றது. சீட்டுக் கட்டுவதில் உறுப்பினர் இட்ட பணம் உறுப்பினருக்குள்ளேயே சுழன்று திரும்புகின்றது. மலேசியாவில் 'கூத்து' என வழங்கும் இதனைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. குலுக்குச் சீட்டிலோ இட்ட பணம் குழுவை விட்டே வெளியேறுகின்றது. பெயர் ஒன்றாயினும் இயல்பு வேறு.

நடத்துவோரும் வாங்குவோரும்

கேரள அரசு 1967இலும் தமிழக அரசு 1968இலும் பரிசுச் சீட்டுகளைத் தொடங்கின. தமிழகத்தில் 2003இல் அவை தடை செய்யப்பட்டன. மலேசிய அரசு 1969இல் 'ஸ்போர்ட்ஸ் டோட்டோ'வை நிறுவி, 1985இல் தனியார்மயமாக்கியது. இவற்றால் பொதுப்பணிக்கு நிதி கிட்டியது உண்மையே. ஆயின் அந்நிதி கிட்டியது குலுக்கை நடத்தியவர்களுக்கு. சீட்டு வாங்கியவர்களுக்கு அன்று. கூட்டாக நம்பர் எடுக்கும் சிற்றமைப்பு வாங்குவோர் வரிசையிலேயே நிற்கின்றது. தானே குலுக்கு நடத்த விழையும் அமைப்பு, 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டத்தின்கீழ் முன்னனுமதி பெறுதல் வேண்டும்.

கணக்கு கூறுவது

நான்கு எண் குலுக்கில் 10,000 எண்கள் உள்ளன. 'பெரிய' பந்தய முறையில் 1 வெள்ளிக்கு முதல் மூன்று பரிசுகள் முறையே 2,500, 1,000, 500 வெள்ளி. சிறப்புப் பரிசுகள் பத்து, ஒவ்வொன்றும் 180. ஆறுதல் பரிசுகள் பத்து, ஒவ்வொன்றும் 60. இவற்றின் கூட்டுத்தொகை 6,400. எனவே இட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்புவது 64 சென்னே. பலர் கூடுவதால் இச்சராசரி உயர்வதில்லை. இழப்பு பங்கிடப்படுகின்றது, அவ்வளவே.

எடுத்துக்காட்டாக, இருபது பேர் வாரந்தோறும் ஆளுக்கு 5 வெள்ளி இட்டு நூறு வெவ்வேறு எண்களை எடுப்பதாகக் கொள்வோம். ஆண்டுச் செலவு 5,200 வெள்ளி; சராசரி வரவு 3,328 வெள்ளி. அதிற்பாதி அறத்துக்கெனின் கிட்டுவது 1,664 வெள்ளி. அதுவும் உறுதியன்று, ஆண்டு முழுவதும் முதல் பரிசே விழாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 59 விழுக்காடு. அவ்விருபது பேரும் மாதம் 7 வெள்ளி நேரடியாக வழங்கினால் 1,680 வெள்ளி ஐயமின்றிச் சேரும். ஒருவர் ஆண்டுக்கு 260 வெள்ளி இடுவதற்குப் பதிலாக 84 வெள்ளி தந்தாற் போதும்.

நம் முன்னோர் வழி

இவ்வழி நமக்குப் புதிதன்று. 1950களில் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி வேண்டினார். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்வி அதனால் வலுப்பெற்றது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் மாதச் சிறு தொகைகளைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. இரண்டிலும் பணம் நற்பேற்றை நம்பி நிற்கவில்லை. கணக்கேட்டையும் நம்பிக்கையையும் சார்ந்து நின்றது.

முடிவுரை

கேளிக்கைக்காக நம்பர் எடுப்பது அவரவர் விருப்பம். அதனை அறத்தின் பெயரால் செய்யும்போது, கொடுத்துவிட்டோம் எனும் மனநிறைவு கொடாமலே வந்துவிடுகின்றது. இழப்பினும் பெரிய தீங்கு இதுவே. திருக்குறள் சூதைப் பொருட்பாலில் கடியத்தக்கதாகவும், ஒப்புரவையும் ஈகையையும் அறத்துப்பாலில் போற்றத்தக்கனவாகவும் வைத்துள்ளது. பள்ளியின் பெயரில் நிதி திரட்டும் ஆசிரியர்கள் அவ்வேறுபாட்டை மாணவர்க்குச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் உணர்த்துதல் வேண்டும் என்பது நமது கருத்தாகும்.