தளும்பாத இருபது லிட்டர்

மூணாறு மலைகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கிருந்து மறையூர் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் இறங்கினால் சின்னார். அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். மேகங்களின் ஈரத்தை மலைமுகடுகள் மேற்கிலேயே வாங்கிக்கொள்வதால் சின்னார் மழைமறைவுப் பிரதேசமாகிவிட்டது. வடக்கே பாலக்காட்டுக் கணவாயில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. தமிழக எல்லையை ஒட்டி ஜீப்பில் சுற்றுகிறவர்கள் ஒரே பயணத்தில் இந்த மூன்று உலகங்களையும் கடந்துவிடுகிறார்கள். மூன்றிலும் கையோடு கொண்டுபோக வேண்டிய ஒன்று குடிநீர்.

சின்னாருக்கும் பாலக்காட்டுக்கும் சரி, வழியெல்லாம் ஓடை பாயும் மூணாறுக்கு எதற்கு? அந்த ஓடைகளில் பல தேயிலை, ஏலத் தோட்டங்களின் ஊடாக இறங்கி வருபவை. உரமும் பூச்சிமருந்தும் அவற்றில் கரைந்திருக்கலாம். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கண்ணாடிபோலத் தெளிந்த நீரிலும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் ஒளிந்திருக்கும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வெயிலில் வியர்த்து நடக்கும் ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், இரண்டு நாள் என்றால் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. உணவை உலர்த்தி எடை குறைக்கலாம், கூடாரத்தை மெல்லிய துணியில் தைக்கலாம். தண்ணீரை எதுவும் செய்ய முடியாது. அதை அழுத்திச் சுருக்கவும் வழியில்லை.

எடைகூடப் பெரிய சிக்கல் இல்லை. தண்ணீர் அசையும் சரக்கு என்பதுதான் சிக்கல். பாதி காலியான கேனில் நீர் ஒரு பக்கச் சுவரில் மோதித் திரும்பி மறுபக்கம் பாய்கிறது. இந்தத் தளும்பலுக்கு ஒரு தாளகதி உண்டு. பாத்திரத்தின் அகலமும் நீரின் ஆழமும் அதைத் தீர்மானிக்கின்றன. 35 சென்டிமீட்டர் அகலமுள்ள கேனில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் இருந்தால், அலை நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை போய்வரும். வாகனங்களின் உடல் ஸ்பிரிங்குகளின் மேல் ஆடும் வேகமும் நொடிக்கு ஒன்று முதல் இரண்டு முறைதான். ஒரு பொருளின் இயல்பான ஆட்டமும் அதற்கு வெளியிலிருந்து கிடைக்கும் ஆட்டமும் ஒரே தாளத்தில் சேர்ந்தால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதுதான் ஒத்ததிர்வு. கரடுமுரடான மலைப்பாதையில் கேனுக்கும் ஜீப்புக்கும் நடப்பதும் இதுவே.

லாரிகளில் வரும் பெரிய தொட்டிகளுக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளைப் பொருத்துவது இதனால்தான். நீளமான அலை துண்டு துண்டாக உடைந்து வலுவிழந்துவிடும். ஜீப்பில் இதே பலனைச் செலவில்லாமல் பெறலாம். 40 லிட்டர் தொட்டி ஒன்றுக்குப் பதில் 20 லிட்டர் கேன்கள் இரண்டை விளிம்புவரை நிரப்புங்கள். ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறங்கள். நிரம்பிய கேனில் அலை எழ இடமே இல்லை. எந்நேரமும் ஒரு கேன் மட்டுமே தளும்பும். ஒன்று உடைந்தாலோ அதன் நீர் கெட்டாலோ மற்றது காப்பாற்றும்.

வைக்கும் இடத்திலும் ஓர் இயற்பியல் இருக்கிறது. எடை கூரைக்கு ஏறினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே போகும். பக்கவாட்டுச் சரிவில் கவிழும் வாய்ப்பு கூடும். தரையோடு தரையாக, பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வைப்பதே நல்லது. வைத்தால் மட்டும் போதாது, கட்டவும் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுபோனால், கட்டாத 20 கிலோ கேன் 200 கிலோவுக்கும் அதிகமான எடையின் விசையோடு முன்னால் பாயும்.

இத்தனை தொல்லைகளுக்கும் ஒரே பாத்திரத்தில் விடை கண்டவர்கள் 1930களின் ஜெர்மானியப் பொறியாளர்கள். ராணுவ எரிபொருளுக்காக அவர்கள் உருவாக்கிய 20 லிட்டர் இரும்புக் கேனை இன்று உலகம் ஜெர்ரி கேன் என்று அழைக்கிறது. அதன் ரகசியம் வெளியே வந்த கதையில் குடிநீரும் இந்தியாவும் வருகின்றன. 1939 கோடையில் பால் பிளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரும் அவருடைய ஜெர்மானிய நண்பர் ஒருவரும் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குத் தரைவழியாகவே வர வண்டி ஒன்றைத் தயாரித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவசரத்துக்குத் தண்ணீர் வைக்க ஏற்பாடு இல்லை என்பது உறைத்தது. டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் ராணுவம் குவித்து வைத்திருந்த கேன்களில் மூன்றை நண்பர் எடுத்து வந்தார். பாதி வழியில் அவரை ஜெர்மனி திரும்ப அழைத்துக்கொண்டது. போகுமுன் கேனின் தயாரிப்பு விவரங்களை அவர் பிளைஸிடம் சொல்லிவிட்டார். பிளைஸ் தனியாகக் கொல்கத்தா வந்து சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்க ராணுவத்தின் கைக்கு அந்தக் கேன் போனது இந்தப் பயணத்தின் வழியாகத்தான். இரண்டாம் உலகப் போரின் முடிவுக்குள் நேச நாடுகள் கோடிக்கும் மேற்பட்ட ஜெர்ரி கேன்களைத் தயாரித்துவிட்டன.

அப்படி என்ன இருக்கிறது அதில்? முதலில் பிடிகளைப் பாருங்கள்: ஒன்றல்ல, மூன்று. தனியாள் நடுப்பிடியைப் பற்றித் தூக்கலாம். இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பிடித்துச் சுமையைப் பங்கிடலாம். காலிக் கேன்கள் என்றால் அருகருகே இருக்கும் ஓரப்பிடிகளைச் சேர்த்துப் பிடித்து, ஒரு கைக்கு இரண்டாக நான்கை ஒருவரே கொண்டுபோகலாம். மூடியைத் திறக்க ஸ்பேனர் வேண்டாம், நெம்புகோலைத் தூக்கினால் போதும். வாய்ப்பகுதியிலிருந்து உள்ளே ஒரு சிறு காற்றுக்குழல் போகிறது. ஊற்றும்போது அதன் வழியே காற்று நுழைவதால் நீர் குபுக் குபுக்கென்று சிந்தாமல் சீராக விழுகிறது. பிடிகளின் அடியில் ஒரு காற்றறை இருக்கிறது. எரிபொருள் நிரம்பிய கேன் ஆற்றில் விழுந்தாலும் மிதப்பது அதன் உதவியால்தான். தண்ணீர்க் கேன்களை எரிபொருள் கேன்களிலிருந்து பிரித்தறிய ஜெர்மானியர்கள் அவற்றின் மேல் பெரிய வெள்ளைச் சிலுவைக்குறி தீட்டினார்கள்.

இரண்டு பக்கங்களிலும் பெருக்கல் குறிபோல அழுந்தியிருக்கும் பள்ளம் அழகுக்காக இட்டதல்ல. மெல்லிய தகட்டுக்கு அது முதுகெலும்பு. உள்ளழுத்தம் மாறும்போது சுவர் கிழியாமல் உப்பவும் உள்வாங்கவும் இடம் தருவதும் அதுவே. மலையேறும் வண்டிக்கு இது மிகவும் தேவை. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சமவெளியில் இறுக மூடிய கேனுக்குள் சிக்கிய காற்று மூணாறில் வெளிப்பக்கம் நோக்கித் தள்ளும். மேலே பாதி குடித்து மூடிய மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில், போடிமெட்டு இறங்கிப் போடிநாயக்கனூர் வருவதற்குள் யாரும் தொடாமலே நசுங்கிப்போவதும் இதனால்தான்.

போருக்குப் பிறகு மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. பின்புறத்தில் ஜெர்ரி கேனுக்கென்றே ஒரு தாங்கி வைத்திருந்த போர்க்கால ஜீப்பின் வாரிசுகள்தான் இன்று இடுக்கி ஏலத்தோட்டங்களிலும் நெல்லியாம்பதியிலும் ஓடும் ஜீப்புகள். கேனின் உருவம் அப்படியே இருக்கிறது, இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் வந்திருக்கிறது. வாங்கும்போது அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண்ணைத் தேடுங்கள். உயரடர்த்தி பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கின் அடையாளம் அது. உணவுத் தரம் என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும். ஒளி புகாத நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. வெளிச்சம் இல்லாமல் பாசி வளராது.

சூடான நீரைக் குளிரவைக்கும் பாத்திரம் ஒன்றும் உண்டு. அதற்கு மின்சாரமே வேண்டாம். வடஇந்தியாவில் சாகல் என்று அழைக்கப்படும் கேன்வாஸ் பையை வண்டியின் முன் பம்பரில் தொங்கவிடுவார்கள். நீர் பட்டதும் நூலிழைகள் ஊதித் துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும். ஒழுகல் நின்று கசிவு மட்டும் மிஞ்சும். கசிந்த நீர் ஓடும் வண்டியின் காற்றில் ஆவியாகிறது. நீர் ஆவியாக மாறும்போது, வெப்பமானியில் தெரியாத பெருமளவு வெப்பத்தை விழுங்குகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். பையிலிருக்கும் 10 லிட்டர் நீர் 10 டிகிரி குளிர்வதற்கு ஆவியாக வேண்டியது சுமார் 170 மில்லிலிட்டர், ஒரு தம்ளர் அளவுதான்! கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் பாலக்காட்டில் இந்தப் பை அற்புதமாக வேலை செய்யும். மழைக்கால மூணாறிலோ காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் பை நனைந்து தொங்குமே தவிர நீர் குளிராது.

பயணம் நீண்டால் வழியில் நீர் நிரப்பியாக வேண்டும். கலங்கிய நீருக்கு நம் ஊர் விடை தேற்றாங்கொட்டை. குடத்தின் உட்புறம் அதை இழைத்துவிட்டு நீரூற்றினால் கலங்கல் அடியில் படியும். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. கொட்டையிலிருந்து கரையும் நீள்மூலக்கூறுகள் அவற்றை இணைத்துத் திரளவைக்கின்றன. திரண்டவை எடை கூடி மூழ்குகின்றன. நீர் தெளியும், ஆனால் கிருமி சாகாது. அதற்குக் கொதிக்கவைக்க வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடே போதும். அந்த உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் கவலையே இல்லை.

கேனில் நாள்கணக்கில் இருக்கும் நீருக்குக் காவல் குளோரின். ஒரு லிட்டரில் 0.2 மில்லிகிராம் எஞ்சியிருந்தால் போதும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம். அது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு! நீரில் குளோரின் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கு மின்னேற்றம் இல்லை. எதிர்மின்னேற்றமுள்ள பாக்டீரியாவின் சுவர் அதைத் தடுத்து விலக்க முடியாது. அது எளிதாக உள்ளே நுழைந்து கிருமியின் உயிர்வேலைகளை நிறுத்திவிடுகிறது.

2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் மூணாறு, தேக்கடி, வாகமண், நெல்லியாம்பதி உள்ளிட்ட மலைச் சுற்றுலாத் தலங்களில் 5 லிட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை விதித்து உத்தரவிட்டது. காட்டோடைகளை அடைத்துக் கிடக்கும் பாட்டில்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உத்தரவின் நியாயம் புரியும். ஒரு நல்ல கேனை ஒரு முறை நிரப்பினால் இருபது பாட்டில்கள் மலையேறாமல் நின்றுவிடும். அதே கேன் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மலைக்குப் போகத் திட்டமிடும்போது டயரையும் பிரேக்கையும் பார்க்கும் அதே அக்கறையோடு கேனையும் தேர்ந்தெடுப்போம். நம் தாகமும் தீரும், அந்த மலைகளின் ஓடைகளும் தடையின்றி ஓடும்.