செட்டிநாட்டிற்கு ஒரு விடுமுறைப் பயணம்

விடுமுறைச் சுற்றுலா என்றதும் நம்மில் பலருக்கு உதகமண்டலமும் கொடைக்கானலுமே நினைவிற்கு வரும். “பொதட்டூர்பேட்டை வெயில் போதாதென்று இன்னொரு வெயில் ஊருக்கா?” என்று என் தம்பி கேட்டான். ஆனால் அன்புத் தோழியரே, செட்டிநாட்டுச் சிற்றூர்களில் காணக் கிடைப்பவை எந்தக் குளிர்மலையிலும் இல்லை. வெயிலை அறிந்து திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். முன்பு ஒரு மே மாதம், எவ்வித யோசனையுமின்றி ஒரு கோட்டையைக் காணக் கிளம்பினோம். போய்ச் சேரும்போது நண்பகல். கோயில் நடை சாத்தியிருந்தது. பாட்டிக்குத் தலை சுற்றி, வேப்பமரத்தடியில் படுக்க வைத்தோம். அப்பாவின் தறி ஒரு நாள் நின்றது, கோட்டையையும் பார்க்கவில்லை. ஆகவே இம்முறை திட்டமிடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக் கொண்டேன்.

முதலில் காலம். எனக்கு இவ்வாண்டு அரசுத் தேர்வு. எனவே அடுத்த ஆண்டின் அரையாண்டு விடுமுறையைக் குறித்துள்ளேன். டிசம்பர் இறுதியில் வெயில் தணிந்திருக்கும். மழைக்கு ஒரு குடை போதும். திருத்தணி வழியாகச் சென்னை சென்று, இராமேசுவரம் போகும் இரவு இரயிலில் ஏறினால் காரைக்குடியில் இறங்கலாம். மூன்று நாளும் அங்கேயே தங்குவது நல்லது. தினம் ஓர் ஊரில் மூட்டை அவிழ்ப்பது பாட்டிக்கு ஆகாது.

முதல் நாள் கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வாணிபம் செய்த நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் இங்குள்ளன. ஒரு தெருவில் தலைவாசல் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்குமாம்! பர்மாத் தேக்குத் தூண்கள், சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய பளபளப்பான சுவர்கள். அழகுக்கு மட்டுமா இவை? தடித்த சுவர் வெப்பத்தைத் தடுக்கிறது. நடுமுற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழுந்து வெளியேறுகிறது. அம்முற்றமே மழைநீரையும் சேர்த்துத் தருகிறது. மின்விசிறி இல்லாத காலத்து அறிவு இது! ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் திருமணம், படைப்பு போன்ற நாட்களில்தான் வருகிறார்கள். எந்த வீட்டில் அனுமதி உண்டு, கட்டணம் எவ்வளவு என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் செய்வதையும் பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் ஓர் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பின் நீரில் ஊற வைத்து உலர்த்துகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை! கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. அப்பாவுக்கோ காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை நெய்வதைப் பார்க்க ஆசை. அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. தறிச் சத்தத்தை விட்டு ஓய்வெடுக்கப் போகிறவர் அங்கும் தறியையே தேடுகிறாரே என்று அம்மா சிரித்தார்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் திருமயம். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை பாறை மேல் நிற்கிறது. வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிட வேண்டும். பாட்டி ஏற வேண்டியதில்லை. பாறையின் அடிவாரத்திலேயே சிவனுக்கும் திருமாலுக்கும் குடைவரைக் கோயில்கள் உள்ளன. நண்பகலில் உண்டு உறங்கி, மாலையில் நடை திறந்த பின் பிள்ளையார்பட்டி.

மூன்றாம் நாளுக்குத்தான் வீட்டில் வழக்கு வந்தது. தம்பி சித்தன்னவாசல் ஓவியங்களைக் கேட்டான். நான் ஓரியூரைக் கேட்டேன். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, தமிழ் கற்று, நம்மவர் போலவே மரக்கறி உண்டு வாழ்ந்த புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்ட ஊர் அது. அங்குள்ள செம்மண்ணை மக்கள் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள். திருமயத்தில் கோட்டை எழுந்ததும், ஓரியூரில் இவர் இரத்தம் சிந்தியதும் ஒரே கிழவன் சேதுபதியின் ஆட்சியில் என்று படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. தேவகோட்டை, திருவாடானை வழியாகச் செல்ல வேண்டும். பேருந்து நேரத்தை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

பாட்டி எனக்கே தீர்ப்புச் சொன்னார். “பிள்ளையாரைப் பார்க்க என்னைக் கூட்டிப் போகிறவள், அவள் சாமியாரையும் பார்க்கட்டும்” என்றார்.

நான் எழுதிய திட்டத்தை அப்பா வாங்கிப் படித்தார். மூன்றாம் நாள் மாலையில் ஆசைக்காக மேலும் இரண்டு ஊர்களைச் சேர்த்திருந்தேன். அவற்றை அடித்துவிட்டு, “சும்மா இருத்தல்” என்று எழுதித் தந்தார்.