விரைவுச் சேமிப்பிலிருந்து வட்டை மாற்றும் முறை

கணிப்பொறி நிலையங்களில் தகவல்களைச் சேமிக்க இருவகை வட்டுகள் பயன்படுகின்றன. சுழலும் காந்த வட்டு கொள்ளளவு மிகுந்தது, விலை குறைந்தது, ஆயினும் மெதுவாக இயங்குவது. அசையும் உறுப்பற்ற திண்மநிலை வட்டு விரைவானது. ஆனால் விலை மிகுந்தது. ஆகவே, முழுத் தொகுதியையும் காந்த வட்டில் வைத்து, அடிக்கடி வேண்டப்படுவனவற்றை மட்டும் திண்மநிலை வட்டில் நிறுத்துதல் உண்டு. இதுவே ‘கேஷ்’ எனப்படும் விரைவுச் சேமிப்பாகும். லினக்ஸில் இப்பணியைச் செய்யும் ‘பிகேஷ்’ என்னும் பகுதி, 2013-ஆம் ஆண்டு வெளிவந்த 3.10-ஆம் பதிப்பில் சேர்க்கப்பெற்றது.

ஒரு விரைவுச் சேமிப்பு பல காந்த வட்டுகளுக்கு உதவலாம். ஆனால் ஒரு காந்த வட்டு ஒரு நேரத்தில் ஒரு சேமிப்புடன் மட்டுமே இணைந்திருக்கும். திண்மநிலை வட்டு எழுத எழுதத் தேய்வதால், என்றேனும் அதனை மாற்றவேண்டி வரும்.

இங்கு அறியத்தக்கது எழுதும் முறையாகும். ‘ரைட்த்ரூ’ முறையில் ஒவ்வொரு தகவலும் காந்த வட்டிலும் உடனே பதிவாகிறது. ‘ரைட்பேக்’ முறையிலோ முதலில் திண்மநிலை வட்டில் மட்டும் பதிவாகி, பின்னரே காந்த வட்டை அடைகிறது. வணிகர் வரவு செலவைச் சிட்டையில் குறித்து, பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவதை இது ஒக்கும். ஏற்றுமுன் சிட்டை தொலைந்தால் பேரேடு பயன்படாது. அவ்வாறே, ஏற்றப்படாத தகவல் இருக்கும்போது திண்மநிலை வட்டைப் பிடுங்கினால் காந்த வட்டிலுள்ள கோப்புகள் சிதைவுறும்.

மாற்றும் முறை வருமாறு:

1. முக்கியத் தகவல்களுக்கு வேறிடத்தில் படியெடுத்து வைக்கவேண்டும்.

2. எழுதும் முறையை ‘ரைட்த்ரூ’ என மாற்றவேண்டும்.

3. பழைய சேமிப்பிலிருந்து பிரிக்கும் கட்டளையைத் தரவேண்டும். ஏற்றப்படாதன இருப்பின், அவை காந்த வட்டில் எழுதப்பட்ட பின்னரே பிரிவு நிறைவுறும். நிலைக் குறிப்பு ‘நோ கேஷ்’ எனக் காட்டும்வரை காத்திருத்தல் இன்றியமையாதது.

4. புதிய சேமிப்பின் அடையாள எண்ணைத் தந்து இணைக்கவேண்டும். புதியதன் தொகுதி அளவு காந்த வட்டின் தொகுதி அளவைவிடப் பெரிதாயின் இணைப்பு மறுக்கப்படும்.

இவ்வளவும் நிகழும்போது கோப்புகளைப் பயன்படுத்துவதை நிறுத்தவேண்டியதில்லை. புதிய சேமிப்பு தொடக்கத்தில் வெறுமையாயிருப்பதால் வேகம் சிறிது சிறிதாகவே கூடும்; இதனைப் பழுதெனக் கருதலாகாது. பழைய வட்டைப் பயன்படுத்திய பிற காந்த வட்டுகளையும் இவ்வாறே பிரித்த பின்னரே அதனைக் கழற்றவேண்டும்.