சின்னத்திரைச் சிரிப்பும் வீட்டுமொழியும்

புலம்பெயர்ந்த குடும்பம் பிறரால் நகையாடப்படுவது வேறு. தன் பேச்சாலேயே நகைச்சுவை படைப்பது வேறு. பிரித்தானியாவின் ‘டெஸ்மண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் இரண்டாம் வகையினது. செயின்ட் லூசியாவில் பிறந்த டிரிக்ஸ் வொரெல் உருவாக்கிய அதனைச் சேனல் 4 நிறுவனம் 1989 முதல் 1994 வரை ஒளிபரப்பியது. இலண்டனின் பெக்கம் பகுதியில் முடிதிருத்தகம் நடத்தும் கயானாக் குடும்பமே கதைக்களம். தாயகம் திரும்பும் கனவுடைய தந்தை கரீபிய ஒலிப்பில் பேசுவார். பிள்ளைகள் இலண்டன் வழக்கில் பேசுவர். அவ்விரு வழக்குகளின் உரசலிலும் சிரிப்புப் பிறந்தது.

தமிழ்க் குடும்பத்தை நடுவில் வைத்து நெட்பிளிக்ஸ் 2020-இல் வெளியிட்ட தொடர் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’. களம் கலிபோர்னியா. நாயகி தேவியாக நடித்தவர், கனடாவில் பிறந்த ஈழத்தமிழ் மரபினரான மைத்ரேயி இராமகிருஷ்ணன். ஏறத்தாழ 15,000 பேருள் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிள்ளையார் பூசையும் தாய்–மகள் பூசலும் அதில் உண்டு. உரையாடலோ பெரும்பாலும் ஆங்கிலம். ‘கண்ணா’ போன்ற சில சொற்களே தமிழாய் எஞ்சின.

பிறையின் தமிழ் இல்லங்களிலும் பாட்டியின் தமிழும் பேரப்பிள்ளையின் மலாய் கலந்த தமிழும் ஒரே கூடத்தில் ஒலிக்கின்றன. நம் எழுத்தாளர்க்கு அதுவே மூலப்பொருள். பூசைக்கும் கொஞ்சலுக்கும் மட்டும் எஞ்சும் மொழி மெலியும். சண்டைக்கும் கிண்டலுக்கும் உதவும் மொழியே வீட்டில் நிலைக்கும்.