உங்களுக்குத் தெரியுமா? – பிறந்த குழந்தையின் வயிறும் தொப்புளும்

● கருவில் வளரும் எல்லாக் குழந்தைக்கும் சில வாரங்கள் குடல் வயிற்றுக்கு வெளியேதான் இருக்கும். குடல் வேகமாக நீளும்போது குட்டி வயிற்றில் இடம் போதாது. அதனால் 8-வது வாரம் வாக்கில் தொப்புள்கொடிக்குள் இறங்கி, 12-வது வாரத்துக்குள் தானாகவே உள்ளே திரும்பிவிடும். இந்த இடைவெளியில் எடுத்த ஸ்கேனில் கொடிக்குள் குடல் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. 12 வாரம் கழிந்து மறுபடி பார்ப்பார்கள்.

● அப்படித் திரும்பாமல் நின்றுவிட்டால் அது ஆம்ஃபலோசீல். தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில் பளபளப்பான மெல்லிய சவ்வுப் பை இருக்கும். உள்ளே குடலும் சில குழந்தைகளுக்குக் கல்லீரலும் இருக்கும். தொப்புள்கொடி அந்தப் பையின்மேலேயே ஒட்டியிருக்கும். காஸ்ட்ரோஸ்கைசிஸ் வேறு. அதில் கொடி சரியான இடத்தில்தான் இருக்கும். அதன் வலப்பக்கத்தில் சிறு ஓட்டை, அதன் வழியே எந்த மூடலும் இல்லாமல் குடல் வெளியே கிடக்கும். பை இருக்கிறதா, கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலும் எது என்று சொல்லிவிடலாம்.

● பார்க்கப் பயங்கரமாக இருப்பது காஸ்ட்ரோஸ்கைசிஸ்தான். ஆனால் அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் வேறு உறுப்புகளில் குறை இருக்காது. சிலருக்குக் குடலில் அடைப்பு இருக்கலாம். பையால் மூடப்பட்டு ‘பரவாயில்லை’ என்று தோன்றும் ஆம்ஃபலோசீல்தான் கூடுதல் பரிசோதனை கேட்கும். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இதயத்திலோ குரோமோசோமிலோ வேறு உறுப்பிலோ குறை சேர்ந்தே இருக்கும். எனவே இதயத்துக்கு எக்கோ பரிசோதனை கட்டாயம். நாக்கும் பெரிதாக இருந்தால் பெக்வித்-வீடமன் நோயாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பதால் அதையும் உடனே பார்க்க வேண்டும்.

● ‘அஞ்சாம் மாச ஸ்கேன்’ என்று அம்பத்தூர், ஆவடிப் பக்கம் சொல்லும் அனாமலி ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. வயிற்றுச் சுவர்க் குறைகளில் பெரும்பாலானவை அதிலேயே தெரிந்துவிடும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வயிற்றுச் சுவர் மூடியிருக்கிறதா, கொடி சரியான இடத்தில் இருக்கிறதா என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

● நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கேன் எடுப்பது பூந்தமல்லியில். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் போவது அம்மா வீட்டுக்கு, செய்யாறுக்கோ திண்டிவனத்துக்கோ. ரிப்போர்ட் கணவர் வீட்டு பீரோவில் தங்கிவிடுகிறது. வலி வந்ததும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. இந்தக் குறை ஸ்கேனில் தெரிந்துவிட்டால், குழந்தைகள் அறுவை மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும். சம்பிரதாயத்தைக் குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். குடல் வெளியே இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. கல்லீரலும் சேர்ந்த பெரிய ஆம்ஃபலோசீல் என்றால் சிசேரியன் செய்வார்கள்.

● சின்ன ஆம்ஃபலோசீல் ஸ்கேனில் தப்பிவிடலாம். பிறக்கும்போது தொப்புள்கொடியின் அடி மட்டும் கொஞ்சம் தடித்துப் புடைத்திருக்கும். உள்ளே ஒரு வளையம் குடல் இருக்கும். கவனிக்காமல் வயிற்றை ஒட்டி கிளாம்ப் போட்டால் குடலும் சேர்ந்து நசுங்கிவிடும். அதனால் அனுபவமுள்ள செவிலியர் கொடியின் அடியை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டே கிளாம்ப் போடுவார். தடித்திருந்தால் வயிற்றிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுவார். சில நொடி வேலைதான், ஒரு குடலைக் காப்பாற்றுகிறது.

● குடல் வெளியே இருக்கும் குழந்தை உடல் சூட்டையும் நீரையும் மளமளவென்று இழக்கும். மார்பு வரை கிருமி நீக்கிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். குடல் மடங்கி ரத்த ஓட்டம் நின்றுவிடாமல் இருக்கவே இந்தப் படுக்கை. பை தெளிவாக இருந்தால் குடலின் நிறமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். சிவப்பு மாறிக் கறுத்தால் ஆபத்து. மூக்கு வழியே குழாய், ரத்தக்குழாய் வழியே திரவம், வாய்வழியே எதுவும் கூடாது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும் கூடாது.

● பிறகு குழந்தையைச் சென்னை எழும்பூருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்குள்ள அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு ஆவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். எம்.டி.எச். ரோட்டு நெரிசலை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸில் ஏறும் முன்பே மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட்டால், அங்கே குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் தயாராக இருக்கும்.

● 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. காஸ்ட்ரோஸ்கைசிஸால் இறந்த குழந்தைகள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. நடுத்தர வருமான நாடுகளில் சுமார் 32. ஏழை நாடுகளில் 90. குறை ஒன்றுதான். முன்கூட்டியே கண்டுபிடிப்பதும், சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வதும், அங்கே கிடைக்கும் சிகிச்சையும்தான் வேறு.

● குடல் முழுவதையும் ஒரே மூச்சில் உள்ளே தள்ளினால் நுரையீரல் விரிய இடமிருக்காது. அதனால் ‘சைலோ’ என்ற பையில் குடலை வைத்துத் தொங்கவிட்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்குவதும் உண்டு.

● இன்னும் அரிதானவையும் உண்டு. வயிற்றுத் தசையே சரியாக உருவாகாமல் தோல் சுருங்கிக் கிடக்கும் புரூன் பெல்லி அநேகமாக ஆண் குழந்தைகளுக்கே வரும். சிறுநீர்ப்பை அடிவயிற்றில் திறந்தே இருக்கும் குறையும் உண்டு. எத்தனை முறை ஸ்கேன் பார்த்தாலும் சிறுநீர்ப்பை நிறைந்து தெரியாததே அதற்குத் துப்பு.

● அழும்போது தொப்புள் புடைக்கிறதா? மேலே தோல் மூடியிருந்தால் அது சாதாரணத் தொப்புள் குடலிறக்கம். பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே மூடிவிடும். காசு வைத்துக் கட்டாதீர்கள், தோல் புண்ணாகும். புடைப்பு கெட்டியாகி உள்ளே போகாமல் குழந்தை வாந்தியெடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கொடி விழுந்த பிறகும் தொப்புள் ஈரமாகவே இருந்தால் சும்மா விடாதீர்கள். சிறுநீரோ மலமோ கசிகிறது என்றால், கருவிலேயே மூடியிருக்க வேண்டிய பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

● கிரகணத்தன்று வெளியே போனதால் இந்தக் குறைகள் வருவதில்லை. பப்பாளி தின்றதாலும் இல்லை. பிள்ளை பெற்றவளைக் குற்றம் சொல்லி ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். ஐந்தாம் மாத ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். பிரசவத்துக்கு எந்த ஊர் போனாலும் அந்த ரிப்போர்ட்டையும் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த பிக்மி எண்ணையும் பையில் முதலில் எடுத்து வையுங்கள்.