படுக்கையில் இருப்பவருக்கும் கொழுப்பு மாத்திரையா?

திண்டிவனம், மரக்காணம் பக்கம் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், பெரும்பாலும் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டுபோவார்கள். ரத்தக்குழாய் அடைத்து வந்த வாதம் என்றால், வீடு திரும்பும்போது சீட்டில் பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின் இவற்றோடு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும் இருக்கும். சில மாதம் கழித்து வீட்டில் பேச்சு எழும்: 85 வயதில், எழுப்பி உட்காரவைக்கவே இரண்டு பேர் வேண்டியவருக்கு இது எதற்கு?

கேள்வி நியாயமானதுதான்.

வாதம் கண்டவர்களுக்கு இந்த மாத்திரை உதவும் என்பதற்குப் பெரிய சான்று, 2006-ல் வெளியான ஸ்பார்கிள் ஆய்வு. 4,731 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் மருந்து எடுத்தவர்களில் 11.2 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 13.1 சதவீதம் பேருக்கும் மறுபடி வாதம் வந்தது. 100 பேர் ஐந்தாண்டு விழுங்கினால் சுமார் இரண்டு பேர் தப்புகிறார்கள் என்று கொள்ளலாம். மூளையில் ரத்தம் கசிந்து வரும் வாதமோ மருந்து எடுத்தவர்களில் 55 பேருக்கு வந்தது, மற்றவர்களில் 33 பேருக்கு.

ஸ்பார்கிளில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. நடமாட முடிந்தவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள்.

ஆகவே 80 வயதிலும் கடைத்தெருவுக்குத் தானே போய்வருகிறவருக்கு, வயதைக் காட்டி மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. நினைவு தப்பி, உடல் வற்றி, நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு ஐந்தாண்டுக் கணக்கு பொருந்தாது. ஆயுள் ஓராண்டுக்குள் என்று கருதப்பட்ட 381 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. அவர்களில் பலர் புற்றுநோயாளிகள். கொழுப்பு மாத்திரையை நிறுத்தியவர்களிடம் 60 நாளில் மரணம் குறிப்பிடும்படி கூடவில்லை. அவர்கள் சற்றுத் தெம்பாகவே இருந்ததாகச் சொன்னார்கள்.

அதற்காக வீட்டாரே நிறுத்திவிடக் கூடாது. இருக்கிற மாத்திரை அட்டைகளையெல்லாம் மருத்துவரிடம் காட்டி, வந்தது அடைப்பா கசிவா, தொடை வலியும் அசதியும் இந்த மாத்திரையாலா, டோஸைக் குறைக்கலாமா என்று கேட்க வேண்டும். மாத்திரை தொண்டையில் சிக்கிப் புரையேறினால் அதையும் சொல்ல வேண்டும். கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் பிரஷர் மாத்திரைக்கும் ஆஸ்பிரினுக்கும் கணக்கு வேறு. அவற்றைச் சேர்த்து விட்டுவிடக் கூடாது. ஓ.பி.க்குத் தூக்கிப்போக முடியாத வீடுகளில், 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கோ வலிநிவாரணச் சிகிச்சைக்கோ வருகிறவர்களிடம் இந்தக் கேள்விகளைச் சொல்லியனுப்பலாம்.