கடைக்கேற்ற கம்ப்யூட்டரா, கம்ப்யூட்டருக்கேற்ற கடையா?

நமது உறுப்பினர்களில் பலர் இன்று பில் மெஷினோ கம்ப்யூட்டரோ வைத்திருக்கிறார்கள். வைக்காதவர்களையும் விற்பனைப் பிரதிநிதிகள் தேடி வந்தவண்ணம் இருக்கிறார்கள். தங்கள் சாப்ட்வேரில் என்னென்ன வசதிகள் உண்டு என்று அவர்கள் நீளமாகச் சொல்வார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நம் கடையில் வியாபாரம் எப்படி நடக்கிறதோ, அப்படியே அதில் நடக்குமா?

இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் நாம் எல்லோரும் அறிந்த 'டேலி'. பெங்களூரைச் சேர்ந்த எஸ்.எஸ். கோயங்கா, ஜவுளி ஆலைகளுக்கும் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகமும் சப்ளை செய்த வியாபாரி. தம் கணக்குக்குப் பொருத்தமான சாப்ட்வேர் கிடைக்காததால், மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986-ல் தொடங்கிய அந்த முயற்சியின் சிறப்பு என்னவென்றால், கணக்குகளுக்கு எண் கொடுக்க வேண்டியதில்லை, பெயரே போதும். பேரேட்டில் நாம் 'பொள்ளாச்சி தேங்காய் மண்டி' என்று எழுதுகிறோமே தவிர, '40127' என்று எழுதுவதில்லை. வியாபாரியின் வழக்கத்துக்கு மெஷின் இறங்கி வந்தது. அதனால்தான் அது ஊர் ஊராகப் பரவியது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

அண்மைக்கால உதாரணம், கல்லாப்பெட்டி அருகே பேசும் சிறு பெட்டி. 2016-ல் யுபிஐ வந்தபோது பணம் அனுப்புவது எளிதாயிற்று. ஆனால் மளிகைக் கடைக்காரரின் ஒரு கை தராசில், மறு கை பொட்டலத்தில். பணம் வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்க்க முடியுமா? வாடிக்கையாளர் காட்டும் போனை மட்டும் நம்பவும் முடியாது. 2019-ல் பேடிஎம் நிறுவனம் சவுண்ட்பாக்ஸைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். கை வேலையாக இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது என்பதைக் கவனித்துச் செய்த சாதனம் அது. தமிழிலேயே தொகையைச் சொல்கிறது.

இனி நம் கடைக்கு வருவோம். ரங்கே கவுடர் வீதியில் மூட்டைக் கணக்கில் வாங்கிய சரக்கு, கிராமத்துக் கடையில் எப்படி விற்கிறது? "இருபது ரூபாய்க்குக் கடுகு" என்றுதான் கேட்பார்கள், கிராம் சொல்லமாட்டார்கள். தொகையைத் தட்டினால் எடையை சாப்ட்வேர் தானே கணக்கிட வேண்டும். ஒரு அம்மா பாதி சாமானில் "தம்பி, எண்ணெய் டப்பா எடுத்துட்டு வந்துர்றேன்" என்று போய்விடுவார். அவர் பில்லை நிறுத்தி வைத்து அடுத்தவருக்குப் போட முடிய வேண்டும். பற்று வரவை வாடிக்கையாளர் பெயரிலேயே தேட வேண்டும். இணையம் இல்லாதபோதும் பில் ஓட வேண்டும்.

அரிசியைப் பாருங்கள். 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதன் பிறகு 26 கிலோ மூட்டைகள் பெருகின. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்பவர்களும் நாம்தான். பை, மூட்டை, சில்லறை மூன்றையும் பிரித்தறியாத சாப்ட்வேர் வரியில் சிக்கலைத்தான் உண்டாக்கும்.

இவற்றுக்கு இடம் கொடுக்காத சாப்ட்வேரை வாங்கினால் என்ன ஆகும்? கடைப்பையன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளமாட்டான், குறுக்கு வழி கண்டுபிடிப்பான். கூட்ட நேரத்தில் சரக்கின் பெயரைத் தேட நேரமில்லாமல், எல்லாவற்றையும் 'இதர சரக்கு' என்று தட்டிவிடுவான். பில் தொகை சரியாக இருக்கும். ஆனால் இருப்புக் கணக்கு பொய்யாகும், வரி விகிதமும் தவறாகும். மாதக் கடைசியில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது முதலாளிதான். பையனைத் திட்டிப் பயனில்லை. அவன் கை போகிற வழியில் மெஷின் அமையவில்லை என்பதே காரணம்.

அதற்காக எல்லா வழக்கத்துக்கும் மெஷின் தலையாட்ட வேண்டும் என்பதில்லை. பழைய பேரேட்டில் அடித்துத் திருத்தினால் அந்த அடித்தல் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் சுவடில்லாமல் மாற்றிவிட முடிந்தது. அதனால்தான் 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு சாப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும் என்று விதி வந்தது. நம்மைப் போன்ற தனி உரிமையாளர் கடைகளுக்கு அந்த விதி இல்லாவிட்டாலும், அந்த வசதி உள்ளதையே வாங்குவது நல்லது. எழுதுவது எளிதாக இருக்கட்டும், மறைப்பது எளிதாக இருக்க வேண்டாம்.

ஆகவே உறுப்பினர்களுக்குச் சொல்வது இதுதான். டெமோவைப் பிரதிநிதியின் லேப்டாப்பில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாதச் சாமான் வாங்கும் முதல் வாரத்தில், மாலைக் கூட்ட நேரத்தில், உங்கள் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்களோ பிரதிநிதியோ தொட வேண்டாம், தினமும் பில் போடுபவரே போடட்டும். அவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே 'இதர சரக்கை' நாடுகிறார் என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சரிசெய்து தருவதாக எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.